கழுத்தை ஷேவ் செய்வது இடது கை

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 31. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. தாத்தா பினாங்கிலிருந்து கொண்டுவந்த மடக்குச் சவரக்கத்தி ஒன்று டிரங்குப் பெட்டியின் அடியில் கிடைத்தது. ‘சோலிங்கன்’ என்று பொறித்திருக்கிறது. தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்துத் தீட்டி வாங்கி, மூன்று மாதமாக நானே ஷேவ் செய்கிறேன். கன்னம் பரவாயில்லை. கழுத்துதான் தகராறு. தாடைக்குக் கீழே முள்முள்ளாக நின்றுவிடுகிறது. அதை எடுக்கக் கீழிருந்து மேலாக இழுத்தால் தோல் சிவந்து, மறுநாள் சின்னச் சின்னப் புடைப்பாக வருகிறது. குரல்வளையிடம் இரண்டு முறை வெட்டிக்கொண்டேன். சலூனில் பத்து நிமிஷத்தில் வழவழவென்று எடுத்துவிடுகிறார்களே, எப்படி? இன்னொன்றும் கேட்க வேண்டும். அப்பாவுக்கு 68 வயது, கை நடுக்கம். அவருக்கும் இதே கத்தியால் நானே ஷேவ் செய்துவிடலாமா?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது கழுத்தைப் பற்றிய வரியை அல்ல, சாணைக்காரரைப் பற்றிய வரியை. சக்கரம் சுற்றித் தீட்டுகிறவரிடமா சவரக்கத்தியைக் கொடுத்தீர்கள்? அவர்மேல் தப்பு சொல்ல மாட்டேன். அரிவாள்மனைக்கும் கறிக்கடைக் கத்திக்கும் அவர்தான் சரியான ஆள். சவரக்கத்தியின் கதை வேறு. அதன் இரண்டு பக்கமும் உட்குழிவாகக் கடைந்திருக்கும். முதுகுப் பக்கம் தடிமனாகவும், வாய்ப்பக்கம் வர வரக் காகிதம் போலவும் மெலிந்துவிடும். அந்த மெல்லிய ஓரத்தைச் சுற்றுகிற சக்கரத்தில் வைத்தால் கண் இமைக்கும் நேரத்தில் சூடேறிவிடும். அரிவாள் அந்தச் சூட்டைத் தாங்கும், இது தாங்காது.

முதல் வேலையாகக் கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஓரத்தின் நிறத்தைப் பாருங்கள். எங்காவது நீலம் ஓடியிருந்தால் அந்த இடம் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாகியிருக்கிறது, எஃகின் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. அப்படியென்றால் தாத்தா நினைவாகக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிடுங்கள். நிறம் மாறவில்லை, வெறும் கீறலும் ஓரத்தில் சின்னச் சின்ன உடைசலும்தான் என்றால் கவலை வேண்டாம், கல்லில் சரிசெய்துவிடலாம். சோலிங்கன் என்பது கம்பெனிப் பெயர் இல்லை, ஜெர்மனியில் ஒரு ஊர். கத்திக்கே பேர்போன ஊர். அந்தப் பெயரை வெளியாட்கள் பொறிக்கக் கூடாது என்று 1938இல் அங்கே சட்டமே போட்டார்கள். கையில் இருப்பது அசலாக இருந்தால் அதைக் காப்பாற்றப் பாடுபடலாம்.

கல்லில் தீட்டும்போது முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். கோணத்தை நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை, முதுகின் தடிமனே கோணத்தைத் தீர்மானித்துவிடும். 1000 நம்பர் கல்லில் வாய் கட்டி, 4000, 8000 என்று ஏறி, வசதியிருந்தால் 12000இல் முடிப்பார்கள். கல்லில் வாய் முன்னே போகும். கல்லுக்குப் பிறகு கூரைச் சீராக்க இழுக்கும் தோல் பட்டைதான் தோல்வார், அதில் முதுகு முன்னே போகும். இதை மாற்றிச் செய்தால் தோல்வாரும் கிழியும், கூரும் போகும். முதல்முறை மட்டும் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் தீட்டிக்கொள்ளுங்கள். வாய் ஒருமுறை சரியாகக் கட்டிவிட்டால் அப்புறம் பல மாதங்களுக்குத் தோல்வாரிலேயே ஓட்டலாம்.

கத்தி தயாரா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. முழங்கைக்குக் கீழே, தோலில் படாமல் நெல் மணி உயரத்தில் கத்தியை மெதுவாக நகர்த்துங்கள். முடி தானாக அறுந்து விழ வேண்டும். வளைந்து கொடுத்தால் கத்தி தயாராகவில்லை. அந்தக் கத்தியைக் கழுத்துப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். உங்கள் பிரச்சினையில் பாதி இதுதான் என்பது என் கணிப்பு. கன்னத்துக்குப் பின்னால் பல்லும் எலும்பும் இருப்பதால் மொண்ணைக் கத்தியையும் அது பொறுத்துக்கொள்ளும். கழுத்து பொறுக்காது.

தினமும் ஷேவுக்கு முன் தோல்வாரின் கித்தான் துணிப் பக்கத்தில் 20 முறை, தோல் பக்கத்தில் 40 முறை போய்வந்தால் போதும். தோல்வாரை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். தொய்வாகத் தொங்கினால் கத்தியின் வாய் மழுங்கி உருண்டுவிடும். திருப்பும்போது எப்போதும் முதுகின் மேலேயே புரட்டுங்கள், வாயின் மேல் புரட்டவே கூடாது. எனக்குச் சலூன் தொழில் கற்றுக்கொடுத்த மாமா தோல்வாருக்குப் பிறகு உள்ளங்கையிலும் பத்துத் தடவை இழுப்பார். அவருடைய இடது உள்ளங்கை செருப்புத் தோல் மாதிரி இருக்கும். நீங்கள் அதைச் செய்து பார்க்க வேண்டாம்.

முடியைவிட எஃகு ஏறத்தாழ ஐம்பது மடங்கு கடினமானது. அப்படியிருந்தும் கத்தி ஏன் மழுங்குகிறது என்று எனக்கே நெடுநாள் சந்தேகம் இருந்தது. 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் வைத்தே முடியை மழித்துப் பார்த்தார்கள். முடி வளைந்து பக்கவாட்டில் முட்டும்போது, எஃகில் ஏற்கெனவே பலவீனமாக இருக்கும் இடத்தில் ஓரம் பெயர்ந்துவிடுகிறதாம். நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான். முடி எவ்வளவு ஊறி இளகுகிறதோ கத்திக்கு அவ்வளவு நல்லது. மாமா கால் மணி நேரம் முகத்தை ஊறவைத்தது சோம்பேறித்தனம் இல்லை என்று இப்போது புரிகிறது.

சரி, கழுத்துக்கு வருவோம்.

மூன்று மாதமாக நீங்கள் எதை எதிர்த்துச் சண்டை போடுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். கன்னத்தில் முடி பெரும்பாலும் மேலிருந்து கீழாகத்தான் வளரும். கழுத்தில் அப்படி ஒரு ஒழுங்கு கிடையாது. தாடைக்குக் கீழே கீழ்நோக்கி வரும், குரல்வளைக்குப் பக்கத்தில் காதைப் பார்த்துப் படுக்கும், காலர் எலும்புக்கு மேலே கீழிருந்து மேலாக ஏறும். பலருக்கு ஒரு பக்கத்தில் தலையில் இருப்பது போலவே சுழி இருக்கும். எங்கள் கடைக்கு இருபது வருஷமாக வரும் ஒரு வாத்தியாருக்கு இடது கழுத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சுழி. முதல் தடவை அது தெரியாமல் மேலிருந்து கீழாக இழுத்து, அந்த மனிதர் நாற்காலியில் துள்ளியது இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்போது அந்த இடத்துக்கு வந்ததும் என் கை தானாகவே கத்தியைத் திருப்பிக்கொள்ளும்.

அதனால் இரண்டு நாள் ஷேவ் செய்யாமல் விடுங்கள். மூன்றாம் நாள் கண்ணாடி முன் நின்று ஒரு விரலால் கழுத்தைத் தடவுங்கள். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், காதிலிருந்து குரல்வளை, குரல்வளையிலிருந்து காது. ஒவ்வொரு இடத்திலும் எந்தத் திசையில் வழுக்குகிறது, எந்தத் திசையில் குத்துகிறது என்று கவனியுங்கள். வழுக்குகிற திசைதான் முடியின் போக்கு. ஒரு தாளில் கழுத்தை வரைந்து அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள். புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன்களை முதல் மாதம் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன். பாதிப் பேருக்கு ‘மேலிருந்து கீழ்தான் நேர் ஷேவ்’ என்று மனதில் பதிந்திருக்கும். கழுத்தின் அடியில் அதுவே முடியின் போக்குக்கு எதிராகப் போகும் எதிர் ஷேவாக இருந்து தொலைக்கும். உங்களுக்கு முள்முள்ளாக நிற்பதும் பெரும்பாலும் அந்த இடமாகத்தான் இருக்கும்.

இப்போது இடது கைக்கு வருகிறேன். நீங்கள் கேட்ட ‘சலூனில் எப்படி?’ என்ற கேள்விக்கும் விடை அதுதான்.

சலூனில் உங்களைச் சாய்த்து உட்கார வைக்கிறோம். முகம் மேலே பார்க்கிறது, கழுத்து மடிப்பில்லாமல் நீள்கிறது. எங்கள் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கின்றன. வலது கை கத்தியைப் பிடித்திருக்க, இடது கை ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் தோலைச் சமமாக்கிக் கொடுத்துக்கொண்டே போகிறது. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கத்தியைத்தான் பார்ப்பார்கள், இடது கையை யாரும் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் வேலையில் முக்கால்வாசி அதனுடையது. நீங்கள் குளியலறையில் நிமிர்ந்து நிற்கிறீர்கள், தாடை கீழே இறங்கியிருக்கிறது, இடது கை வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கழுத்துத் தோல் மெல்லிசு, பின்னால் தாங்க எலும்பு கிடையாது, மேலும் கீழும் நகரும். கத்தி வரும்போது கத்தியோடு சேர்ந்து அலை மாதிரி சுருண்டு வரும். அந்தச் சுருளின் மேட்டில்தான் வெட்டு விழுகிறது, பள்ளத்தில்தான் முள் தங்கிவிடுகிறது.

செய்ய வேண்டியது இதுதான். தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, ஷேவ் செய்யும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் லேசாகத் திருப்புங்கள். கத்தி கீழ்நோக்கி வருகிறதென்றால் இடது கை விரல்கள் மேலே, தாடை ஓரத்தில் நின்று தோலை மேல்நோக்கிப் பிடித்திருக்க வேண்டும். கத்தி மேல்நோக்கிப் போகிறதென்றால் விரல்கள் கீழே, காலர் எலும்புக்கு மேல். எப்போதும் கத்தி போகும் திசைக்கு நேர் எதிரே தோலை இழுத்துப் பிடிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரக் கையில் நுரையும் சேர்ந்துகொண்டால் விரல் வழுக்கும். அதற்குப் படிகாரக் கட்டியை நனைத்து விரல் நுனியில் ஒரு தேய்ப்புத் தேய்த்துக்கொண்டால் பிசின் மாதிரி பிடிக்கும். கடையில் நாங்கள் செய்வது இதுதான். வாடிக்கையாளர்கள் படிகாரத்தை வெட்டுக்கு மட்டும் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

இழுப்பதிலும் அளவு உண்டு. தோல் சமமானால் போதும், மத்தளத் தோல் மாதிரி விறைக்கக் கூடாது. ரொம்ப இழுத்தால் முடி வேரிலிருந்து எழும்பி வரும், அதை அந்த நிலையில் வெட்டுவீர்கள். கையை விட்டதும் வெட்டுப்பட்ட முனை தோலுக்கு உள்ளே போய்விடும். அன்றைக்கு வழவழவென்று இருக்கும். இரண்டு நாள் கழித்து அந்த முனை வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே குத்தும். உங்கள் புடைப்புகளுக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

கத்தியின் கோணத்தை வார்த்தையில் சொல்வது கஷ்டம், முயற்சி செய்கிறேன். கத்தியைத் தோலில் படுக்கையாக வையுங்கள், முதுகும் வாயும் இரண்டும் தொடட்டும். பிறகு முதுகை மட்டும், அதன் தடிமன் எவ்வளவோ அவ்வளவு தூக்குங்கள். அதுதான் அளவு, 30 டிகிரிக்குக் கொஞ்சம் உள்ளேதான் வரும். கன்னத்தில் கொஞ்சம் கூடினாலும் சமாளிக்கலாம், கழுத்தில் கூடினால் மழிக்காது, சுரண்டும். ரொம்பப் படுத்தாலும் முடியை வெட்டாமல் இழுக்கும். சரியான கோணத்தில் ஒரு மெல்லிய ‘சரசர’ சத்தம் வரும், காய்ந்த பனையோலையை நகத்தால் கீறுவது போல. குழாயையும் பாட்டையும் நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தைக் கேளுங்கள். சத்தம் மாறினால் கோணம் மாறிவிட்டது.

இழுப்பு ஒவ்வொன்றும் ஒரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கத்தியின் எடையே போதும், கையால் அழுத்தாதீர்கள். கத்தியை அதன் வாயின் நீளவாக்கில், அதாவது காய் நறுக்குவது போல, ஒரு நூலளவும் நகர்த்தக் கூடாது. சவரக்கத்தியில் வரும் ஆழமான வெட்டு முக்கால்வாசி அப்படித்தான் விழுகிறது. தும்மல் வருகிற மாதிரி இருந்தால் முதலில் கத்தியை முகத்திலிருந்து எடுங்கள், அப்புறம் தும்முங்கள்.

குரல்வளைக்கு வருவோம். நீங்கள் இரண்டு முறை வெட்டிக்கொண்டது, அந்த மேட்டின் மேலேயே நேராகக் கத்தியைக் கொண்டுபோனதால்தான் இருக்கும். அந்த மேட்டை ஷேவ் செய்யாதீர்கள். அதன் மேலிருக்கும் தோலை இடது கையின் இரண்டு விரலால் வலப்பக்கமாகத் தள்ளி, கழுத்தின் தட்டையான பக்கத்துக்குக் கொண்டுவந்து அங்கே மழியுங்கள். அப்புறம் இடப்பக்கம் தள்ளி மீதியை எடுங்கள். தோல் அந்த அளவுக்கு நகர்ந்து கொடுக்கும், தொட்டுப் பாருங்கள். எச்சிலை விழுங்கி மேட்டை மேலே நிறுத்திக்கொண்டு மழிக்கச் சொல்கிறவர்களும் உண்டு. பழகிய கைக்குச் சரி, உங்களுக்கு இப்போது வேண்டாம். உங்கள் கத்தியின் நுனியையும் ஒருமுறை பாருங்கள். உருண்டையாக இருக்கிறதா, சதுரமாக மூலை நீட்டிக்கொண்டிருக்கிறதா? சதுர நுனி மீசை ஓரத்துக்கு அழகு, குரல்வளைக்கு எமன். மூலையைக் கல்லில் லேசாக உரசி மழுக்கிவிடச் சொல்லுங்கள், கத்திக்கு ஒன்றும் ஆகாது.

எத்தனை முறை மழிப்பது? முதல் ஆறு வாரத்துக்குக் கழுத்தில் எதிர் ஷேவ் கூடாது. முடியின் போக்கிலே ஒரு முறை, மறுபடி நுரை போட்டு, போக்குக்குக் குறுக்கே ஒரு முறை. அவ்வளவுதான். தடவினால் லேசாகச் சொரசொரப்பு இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டடி தள்ளி நின்று பேசுகிறவர் யாருக்கும் அது தெரியாது. ஷேவ் முடிந்து கழுவிய பிறகு விரலால் தேடித் தேடி, ‘இங்கே ஒன்று நிற்கிறதே’ என்று வெறும் தோலில் கத்தி வைப்பவர்கள் உண்டு. கழுத்தைப் புண்ணாக்குவது முக்கியமாக அந்தக் கடைசி ஐந்து இழுப்புதான். எனக்கே முப்பது வயது வரை அந்தப் பழக்கம் இருந்தது.

நுரை பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை, ஒரு விஷயத்தைத் தவிர. போர்த் தண்ணீரில் எந்தச் சோப்பும் ஒழுங்காக நுரைக்காது. அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுபிசுப்பாகத் திரிந்துவிடும். உங்கள் வீட்டில் போர்த் தண்ணீர்தான் வருகிறதென்றால், குடிக்கிற தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்துச் சூடாக்கி அதில் பிரஷை நனைத்துப் பாருங்கள். ஒரே நாளில் வித்தியாசம் தெரியும். குளித்த பிறகு ஷேவ் செய்யுங்கள், குளிப்பதற்கு முன்னால் வேண்டாம். சுடுதண்ணீரில் பிழிந்த துண்டைக் கழுத்தில் இரண்டு மூன்று நிமிஷம் சுற்றி வைத்தால் இன்னும் நல்லது. கழுத்தில் பிரஷை வட்ட வட்டமாகச் சுற்றித் தேயுங்கள், படுத்திருக்கும் முடி எழுந்து நிற்கும். நுரை மலைபோல் இருக்க வேண்டியதில்லை, தயிர் பதத்தில் ஈரமாக இருந்தால் போதும்.

முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவி, ஈரத்தோலில் படிகாரத்தைத் தேய்த்து அரை நிமிஷம் விட்டுக் கழுவுங்கள். படிகாரம் ரத்தத்தை நிறுத்தும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது வாத்தியாரும்கூட. எங்கே சுரீர் என்று எரிகிறதோ அங்கே நீங்கள் அழுத்தியிருக்கிறீர்கள், அல்லது ஒரே இடத்தில் மூன்று முறை போயிருக்கிறீர்கள். அடுத்த நாள் அந்த இடத்தில் கையை இளக்குங்கள். ஒரு மாதத்தில் எரிச்சல் குறைந்துகொண்டே வந்தால் சரியான வழியில் போகிறீர்கள். ஸ்பிரிட் வாசம் அடிக்கிற ஆஃப்டர் ஷேவ் இப்போதைக்கு வேண்டாம். வீட்டில் சோற்றுக்கற்றாழை இருந்தால் அதன் சோற்றைக் கழுவித் தடவிக்கொள்ளுங்கள்.

கத்தியைத் துடைத்து, மடக்குவதற்கு முன் நன்றாகக் காயவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவுங்கள். பழைய சோலிங்கன் கத்திகள் பெரும்பாலும் கார்பன் எஃகு, ஒரு ராத்திரி ஈரமே துருவுக்குப் போதும்.

புடைப்பு இப்போது இருக்கிறதா? இருக்கும்போதே அதன் மேல் கத்தி வைக்காதீர்கள். மூன்று நான்கு வாரம் கழுத்தை மட்டும் விட்டுவிடுங்கள். டிரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டு எடுத்தால் ஆபீசில் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். உள்ளே போன முடிகள் வளர்ந்து தாமாகவே வெளியே வரும். ஊசியால் கிளறினால் தழும்புதான் மிஞ்சும். சுருட்டை முடிக்காரர்களுக்கு இது கூடுதலாக வரும். வளைந்து வளரும் முடி வெளியே வந்த பிறகும் திரும்பித் தோலுக்குள்ளேயே நுழைந்துவிடும். உங்கள் முடி அந்த ரகமென்றால், எவ்வளவு நல்ல கத்தியானாலும் தினசரி வழவழப்பு உங்களுக்குச் சரிப்படாது, ஒன்றுவிட்ட நாள் ஷேவ்தான் சரி.

சீழ் பிடித்தாலோ, வட்டமாகப் பரவி ஓரத்தில் அரித்தாலோ அது என் விவகாரம் இல்லை, தோல் டாக்டரைப் பாருங்கள். வட்டமாகப் பரவுவது படர்தாமரையாக இருக்கலாம், தாடியிலும் வரும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற ஸ்டீராய்டு கலந்த கிரீமைத் தடவி, முதல் வாரம் அடங்கி, அப்புறம் கழுத்து முழுக்கப் பரவி வந்தவர்களை என் நாற்காலியில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கத்தி வைக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபித்துக்கொண்டவர்களும் உண்டு.

சலூனைப் பற்றி ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அங்கே நீங்கள் பார்ப்பது தாத்தா கத்தி இல்லை. எய்ட்ஸ் பயம் வந்த காலத்திலேயே எங்கள் கடையில் தீட்டுகிற கத்தியை ஓரங்கட்டிவிட்டோம். ஒரு பிளேடை உறையோடு மடக்கி இரண்டாக உடைத்து, ஆளுக்குப் பாதி. அடுத்த ஆளுக்கு அடுத்த பாதி. மஞ்சள் காமாலைக் கிருமிகளில் பி, சி இரண்டும் ரத்தம் வழியாகப் பரவுகிறவை, அதனால் இதில் சமரசம் கிடையாது. எங்காவது பிளேடு மாற்றாமல் உங்கள் கழுத்துக்கு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த அரை பிளேடுக் கத்தியைக் கடையில் வாங்கிப் பழகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தீட்டும் வேலை மிச்சம் என்பது உண்மை. ஆனால் அதற்கு எடை கிடையாது, தவறை மன்னிக்கவும் அதற்குத் தெரியாது. கை ஒரு நூல் தவறினாலும் கோடு விழும். தாத்தா கத்தி ஒழுங்காகத் தீட்டியிருந்தால் அதிலேயே பழகுவது எளிது.

கடைசியாக அப்பா. இந்தக் கத்தியை அவருக்கு வைக்காதீர்கள். உங்கள் கை இன்னும் உங்கள் கழுத்துக்கே பழகவில்லை. 68 வயதுக் கழுத்தில் தோல் தளர்ந்து மடிப்பாக இருக்கும். ஒரு மடிப்பை விரித்தால் இன்னொன்று வந்து நிற்கும், முப்பது வருஷம் செய்த எனக்கே அது நிதானமான வேலை. நடுக்கம் கையோடு நிற்காமல் சிலருக்குத் தாடையிலும் தலையிலும் இருக்கும், அதையும் கவனித்துப் பாருங்கள். இருதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். சாப்பிடுகிறார் என்றால் சின்ன வெட்டும் கால் மணி நேரம் கசியும். சர்க்கரை இருந்தால் ஆறுவதும் தாமதம்.

ஒரு கத்தி ஒரு ஆளுக்குத்தான் என்ற விதி அப்பா மகனுக்கும் சேர்த்துத்தான். அவருக்குத் தனியாக எலக்ட்ரிக் ஷேவரோ டிரிம்மரோ வாங்கிக்கொடுங்கள், நடுங்கும் கையோடு அவரே ஓட்டிக்கொள்ளலாம். விசேஷத்துக்கு முகம் மழித்தே ஆக வேண்டும் என்றால் சாதாரண கார்ட்ரிட்ஜ் ரேசர் போதும், நீங்களே செய்துவிடுங்கள். குளித்து முடித்ததும், வெளிச்சம் வரும் ஜன்னல் பக்கமாக முதுகு சாயும் நாற்காலி போட்டு, பின்னந்தலைக்கு ஒரு தலையணை கொடுத்து உட்கார வையுங்கள். தோலை விரிக்கும் வேலையை இங்கேயும் இடது கை செய்யட்டும். கழுத்துக்கு வருவதற்கு முன்னால் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். இருமல் வந்தால் பேச வேண்டாம், மடியிலிருக்கும் கையைத் தூக்கினால் போதும் என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.